முட்டைக்குள் இருந்த சாட்சி

அத்தியாயம் 6

“மேடம், என் மருந்தோட மானம் போச்சு! உடனே கிளம்பி வாங்க!”

போனில் அலறிய குரலைத் தாங்க முடியாமல் அத்தை அதைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே பளிச்சென்று கேட்டது. மருந்துக்கு மானம் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அத்தை என்றால் நிஜ அத்தைதான், என் அப்பாவின் தங்கை. இன்சூரன்ஸ் கம்பெனியில் காலமெல்லாம் அடுத்தவர் பொய்யைப் பிடித்தவர். ஓய்வு பெற்றதும் போரடிக்கிறது என்று துப்பறியும் அலுவலகம் திறந்துவிட்டார். அதற்கு நான்தான் உதவியாளன். என்னை வீட்டில் தண்டச்சோறு என்பார்கள். அலுவலகத்திலும் அதே பெயர்தான், ஆனால் சம்பளம் உண்டு.

“யாரு அத்தை, டாக்டரா?”

“பூச்சிக்கு டாக்டர். வண்டியை எடு.”

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி அது. வாசலில் செருப்பு அடுக்க ஒரு மரத்தட்டு, மாடிக் கம்பிகளில் காயும் துணிகள், எங்கே பார்த்தாலும் ‘சத்தம் போடாதீர்’ என்று எழுதிய அட்டைகள். வார்டன் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஆண்கள் உள்ளே வந்தால் கையில் மணியை ஆட்டிக்கொண்டேதான் நடக்க வேண்டும் என்பது அங்கே விதி. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று எலிகள் கூடிக் கூடிப் பேசித் தவித்தனவாம். இந்த அம்மாள் ஒரு நொடிகூடத் தவிக்கவில்லை. பித்தளை மணியை என் கையில் திணித்துவிட்டார்.

எல்லாரும் வேலைக்குப் போயிருந்த பகல் நேரம். காலி வராந்தாவில் டிங் டிங் என்று நான் முன்னால் போக, அத்தை பின்னால் வந்தார்.

“ஐஸ் விக்கிறவன் மாதிரியே இருக்கடா,” என்றார். “முன்னாடியே தெரிஞ்சிருந்தா உன் எதிர்காலத்தைப் பத்திக் கவலைப்பட்டிருக்கவே மாட்டேன்.”

மாடியின் கோடியில், பின்படிக்கட்டை ஒட்டி இருந்தது அந்த அறை. வாசலில் பூச்சிமருந்துக்காரர் நின்றிருந்தார். முதுகில் மருந்துத் தொட்டி, உடம்பில் பச்சைச் சட்டை, சட்டைப்பையில் நூலால் தைத்த ஒரு கரப்பான்பூச்சி. அது மல்லாந்து ஆறு காலையும் மேலே தூக்கிக் கிடந்தது. அவர் கம்பெனியின் சின்னமாம். கம்பெனி என்றால் அவர் ஒருத்தர்தான்.

“பாருங்க மேடம்! இந்த ரூம்ல மூட்டைப்பூச்சிக்கு மருந்து அடிச்சு ரெண்டு வாரத்துக்கு மேல ஆச்சு. அடிச்ச கையோட கதவுல காகிதப் பட்டை ஒட்டி மூடினேன். இன்னிக்கு ரெண்டாவது மருந்து அடிக்க, வார்டன் மேடம் முன்னாடிதான் பட்டையைக் கிழிச்சேன். உள்ள பார்த்தா…”

“உள்ள பார்த்தா குடும்பம் குட்டியோட உக்காந்திருக்கு,” என்று வார்டன் முடித்துவைத்தார். “வெறும் தண்ணியை அடிச்சுட்டு மருந்துன்னு ஏமாத்தியிருக்கார். எங்க சங்கத்துக்கு இது மாதிரி நாலு விடுதி இருக்கு. நாலுத்துக்கும் இவர்தான். சாயங்காலம் கமிட்டி கூடுது. இவரை நிறுத்திடச் சொல்லப் போறேன்.”

அதுவரை துள்ளிக்கொண்டிருந்த மருந்துக்காரரின் குரல் இறங்கியது.

“இந்த நாலும் போச்சுன்னா எனக்கு வேற வேலை இல்லை மேடம். ரெண்டு குழந்தைங்க படிக்குது. தண்ணி மருந்துக்காரன்னு பேர் வந்துட்டா அப்புறம் எவன் வீட்டுக் கதவைத் திறப்பான்? அடிச்சது நல்ல மருந்துன்னு நீங்கதான் நிரூபிக்கணும்.”

அத்தை உள்ளே போனார். ஒரு இரும்புக் கட்டில், அதன்மேல் பலகை, மெத்தை கிடையாது. ஒரு ஜன்னல், ஒரு சுவர் அலமாரி. சுவரும் தரையும் சேருகிற இடத்தில் அறையைச் சுற்றி வெள்ளைப்பொடி கோடு போட்டதுபோல் தூவியிருந்தது. அத்தை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, கொண்டை ஊசியால் பலகையின் இடுக்கை நெம்பினார். கீழே பிடித்திருந்த காகிதத்தில் கடுகளவு பூச்சி ஒன்று விழுந்து ஓடப் பார்த்தது.

“இதுக்கு என்ன வயசு?”

“இது குஞ்சு மேடம். நான் மருந்து அடிச்ச அன்னிக்கு முட்டையா இருந்திருக்கும். பெரிசு எல்லாம் மருந்துல செத்துடும், ஆனா முட்டை ஓட்டைத் தாண்டி மருந்து போகாது. அதனாலதான் பொரியற வரைக்கும் விட்டுவெச்சு, அது வளர்ந்து மறுபடி முட்டை போடறதுக்குள்ள ரெண்டாவது தடவை அடிக்கிறோம். ஒரே தடவையில ஒழிச்சுடறேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. அவன்தான் ஏமாத்துக்காரன்.”

“புதுசா பொரிஞ்ச குஞ்சு என்ன நிறத்துல இருக்கும்?”

“நிறமே இருக்காது. பட்டினியில கண்ணாடி மாதிரி இருக்கும். ரத்தம் குடிச்சாத்தான் நிறம் வரும். ஆள் இல்லாத ரூம்ல பசியில அலைஞ்சு அந்தப் பொடியில மாட்டி முக்கால்வாசி செத்துடும், இத்தனை மிஞ்சவே கூடாது.”

அத்தை காகிதத்தை மடித்து நகத்தால் அழுத்தினார். விரித்தபோது நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது.

“கதவை மூடினப்போ இது முட்டை,” என்றார் அத்தை. “பொறந்ததே மூடின கதவுக்கு உள்ள. வயிறு முட்டச் சாப்பிட்டிருக்கு. சாப்பாடு எங்கேருந்து வந்துச்சு?”

எனக்கு உடம்பு முழுக்க அரித்தது. கட்டிலைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.

“பக்கத்து ரூமுக்குப் போய்க் கடிச்சுட்டு வந்திருக்கும்,” என்றார் வார்டன்.

“அங்க யாரு இருக்காங்க?”

“யாரும் இல்லை. உடைஞ்ச நாற்காலி போட்டு வெச்சிருக்கோம்.”

“நாற்காலிக்குக் கால் உண்டு, ரத்தம் கிடையாதே மேடம்,” என்றேன். வார்டன் முறைத்த முறைப்பில் என் கையிலிருந்த மணி தானாக ஒருதரம் அடித்துக்கொண்டது.

மருந்துக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்துவிட்டது. “கேட்டீங்களா மேடம்! யாரோ உள்ள வந்து படுத்திருக்காங்க! சாக வேண்டிய குஞ்சுக்கெல்லாம் பந்தி போட்டிருக்காங்க! யாருன்னு மட்டும் தெரியட்டும், அவங்களை நான்…”

“யாருன்னுதான் நானும் கேக்கறேன்,” என்று வார்டன் குறுக்கிட்டார். “குஞ்சு வயித்துல சிவப்பு இருந்துச்சுன்னு கமிட்டியில போய்ச் சொன்னா கைகொட்டிச் சிரிப்பாங்க. எனக்கு ஆள் வேணும். இன்னொண்ணும் சொல்லிடறேன். பட்டை கிழியாம உள்ள போயிருக்காங்கன்னா, ஒட்டினவரோட ஒத்தாசை இல்லாம முடியாது. இவரோட மனுஷங்க யாராவது இதுல இருக்காங்கன்னு தெரிஞ்சுது, வேலை போறது மட்டும் இல்லை, போலீசுக்கும் போவேன்.”

“எனக்கு ஏது மேடம் மனுஷங்க? நானேதான் முதலாளி, நானேதான் ஆளு.”

“கதவுக்குப் பூட்டு போடலையா?” என்று அத்தை கேட்டார்.

“மூட்டைப்பூச்சி இருக்கிற ரூமுக்குப் பூட்டு எதுக்கு?” என்றார் வார்டன். நியாயமான கேள்விதான். மருந்துக்காரரைக் கையோடு அழைத்துக்கொண்டு, ஆபீஸ் அறையில் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனார்.

அவர்கள் போனதும் அத்தை தரையைக் காட்டினார்.

“என்ன தெரியுது?”

“ஒண்ணும் தெரியலை. சுத்தமா இருக்கு.”

“அதான்டா தெரியணும். ஒரு ஞாயித்துக்கிழமை ஆபீசை மூடி வெச்சாலே உன் மேஜைத் தூசியில கோலம் போடலாம். இத்தனை நாள் மூடின ரூம் எப்படிச் சுத்தமா இருக்கும்?”

படுத்தவர் எழுந்து பெருக்கிவிட்டுப் போயிருக்கிறார். திருட வருகிறவன் எதையாவது எடுத்துக்கொண்டு போவான். குப்பையை எடுத்துக்கொண்டு போன திருடனை நான் கேள்விப்பட்டதில்லை.

“இன்னும் பாரு. நடுவுல மட்டும்தான் பெருக்கியிருக்கு. சுவரோரம் இருக்கிற பொடி ஒரு துளி கலையலை. விளக்குமாறு அதுகிட்டப் போகவே இல்லை.”

“பொடியைக் கலைச்சா மருந்து வேலை செய்யாதுன்னு தெரிஞ்சவங்க,” என்றேன். சொன்ன பிறகுதான் மண்டையில் உறைத்தது. “அத்தை! அது தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தர்தான். நம்ம ஆளேதான்! பொண்டாட்டியோட சண்டை, வெளிய தள்ளிக் கதவைச் சாத்திட்டா. மனுஷன் இங்க வந்து…”

“தானே படுத்துட்டு, தன்னைக் கண்டுபிடிக்கத் தானே நம்மளைக் கூப்பிடுவாரா?”

“சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிறவங்களும் உலகத்துல இருக்காங்க அத்தை.”

அத்தை வழக்கமாக இந்த மாதிரி பேச்சுக்குத் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். இன்றைக்குத் தட்டவில்லை. பொடிக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரிஞ்சவங்க மட்டும் இல்லைடா,” என்றார். “இந்த மருந்து வேலை செய்யணும்னு அக்கறை இருக்கிறவங்க. பூச்சி கடிக்கக் கடிக்க அது மேலேயே படுத்துக்கிட்டு, மருந்தையும் காப்பாத்தியிருக்காங்க. அதுதான் எனக்குப் புரியலை.”

கதவில் கிழிந்த பட்டையின் இரண்டு பாதிகளும் அப்படியே இருந்தன. ஒன்று கதவுப்பலகையில், ஒன்று நிலையில். நிலையில் இருந்த பாதியின்மேல் சிற்றெறும்புகள் வரிசையாக ஏறி, காகிதத்துக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டிருந்தன. கதவுப்பக்கத்துப் பாதியில் ஒரு எறும்புகூட இல்லை.

“ஒரே பட்டை. ஒரு நுனியில பந்தி, இன்னொரு நுனியில பட்டினி. ஏன்?”

“எறும்புக்கும் கட்சி பேதம் இருக்கும் அத்தை.”

“நிலையில இருக்கிறதை மோந்து பாரு.”

மோந்து பார்த்தேன். புளித்த வாடை வந்தது. “மாவு! காய்ச்சின மாவுப்பசை!”

“கதவுல மருந்துக்காரரோட பாட்டில் பசை. நிலையில மட்டும் யாரோ ஈரம் பண்ணிப் பிரிச்சு, மாவுப்பசையால திரும்ப ஒட்டியிருக்காங்க. தினமும் பிரிச்சு, தினமும் ஒட்டியிருக்காங்க. இந்தக் கட்டடத்துல மாவு எங்கடா இருக்கும்?”

நான் பின்படிக்கட்டைப் பார்த்தேன். அது நேராக இறங்கிய இடம் சமையலறை.

மணியை ஆட்டிக்கொண்டு இறங்கினோம். மதியச் சமையல் முடிந்து பெரிய பாத்திரங்கள் கவிழ்ந்து கிடந்தன. சமையல்காரர்கள் கடைக்குப் போயிருக்க வேண்டும். மூலையில், வெளிச்சம் குறைந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வயதான ஒரு அம்மாள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்கு விழுந்தடித்து நிமிர்ந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் வேறு யாரையோ எதிர்பார்த்து ஏமாந்தவர்போல, இல்லை, தப்பித்தவர்போல மூச்சு விட்டார்.

புழுங்கித் தள்ளுகிற அந்த இடத்தில் அவர் ஒரு ஆண்பிள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, முழுக்கையை மணிக்கட்டு வரை இறக்கிப் பித்தான் போட்டிருந்தார்.

“என்னம்மா, இந்தப் புழுக்கத்துல முழுக்கைச் சட்டை?” என்று அத்தை ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடுப்பு வேலைம்மா. எண்ணெய் தெறிக்கும்.”

“கிழங்குத் தோல் சீவறதுல என்ன தெறிக்கப் போகுது?”

அத்தை இன்னொரு கத்தியை எடுத்துத் தானும் ஒரு கிழங்கைச் சீவ ஆரம்பித்தார். பொய் பிடிப்பதில் அத்தையின் முறை இதுதான். எதிராளியின் வேலையில் பாதியை வாங்கிக்கொள்வார்.

“பசை நல்லாத்தான் காய்ச்சியிருக்கீங்க,” என்றார், கிழங்கிலிருந்து கண் எடுக்காமல். “எறும்புதான் காட்டிக்குடுத்துடுச்சு.”

அந்த அம்மாளின் கை நின்றது. நான் அவர் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். துவைத்துத் துவைத்து வெளுத்த பச்சை. பையின்மேல் தைத்திருந்த எதையோ பிரித்து எடுத்திருந்தார்கள். நூல் போனாலும் ஊசி குத்திய துளைகள் போகவில்லை. அந்தத் துளைகளைக் கண்ணாலேயே கோத்துக்கொண்டு போனால் மல்லாந்த உடம்பு ஒன்றும், மேலே தூக்கிய ஆறு கால்களும் வந்தன.

“அத்தை,” என்றேன்.

“பார்த்தேன்,” என்றார் அத்தை. கத்தியைக் கீழே வைத்தார். “அவர் உங்களுக்கு என்ன வேணும்மா?”

அந்த அம்மாள் கையிலிருந்த கிழங்கைக் கீழே வைத்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்.

“என் பிள்ளைதான்மா. சின்னவன்.”

சொந்தச் செலவில் சூனியம் என்று மாடியில் நான் அடித்த ஜோக் இப்படியா வந்து நிற்க வேண்டும்?

“அவன் மேல தப்பு இல்லை,” என்றார் அவர் அவசரமாக. “இருக்கிறது ஒரு ரூமு. குழந்தைங்க பெரிசாயிடுச்சு. கொஞ்ச நாள் அண்ணன் வீட்டுல இரும்மான்னான். பெரியவன் வீட்டுக்குப் போனேன். ஏம்மா சொல்லாம வந்தேன்னு வாசல்லயே நிக்கவெச்சுக் கேட்டான். இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே உன்னைப் பார்த்துட்டுப் போலாம்னு நினைச்சேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். நான் அங்க இருக்கேன்னு சின்னவன் நினைச்சுட்டிருக்கான். இவன்கிட்டயே இருக்கேன்னு பெரியவன் நினைச்சுட்டிருக்கான். ரெண்டு பேரும் நிம்மதியா இருக்காங்க.”

“இங்க வேலை எப்படிக் கிடைச்சுது?”

“சமையலுக்கு ஆள் வேணும்னு இந்த விடுதி கேட்டுல நின்னு ஒருத்தர் சொல்லிட்டிருந்தார். பகல்ல வேலை, பொழுது சாய்ஞ்சா வெளிய போயிடணும்னாங்க. போறதுக்கு எனக்கு எந்த இடம் இருக்கு? மாடியில அவன் ஒட்டின பட்டையைப் பார்த்தேன். மருந்து அடிச்ச ரூமை ரெண்டாவது மருந்து வரைக்கும் ஈ காக்கா திறக்காதும்மா. அவன் சாப்பிடறப்போ இதே பேச்சுதான் பேசுவான், முட்டை, குஞ்சு, மருந்துன்னு. மருமக முகத்தைத் திருப்பிக்குவா. நான்தான் உக்காந்து கேப்பேன். இன்னிக்கு வருவான்னும் தெரியும். அதான் காலைலேருந்து இந்த மூலையை விட்டு எழுந்திருக்கலை. மேல அவன் குரல் மட்டும் கேட்டுச்சு.”

“ராத்திரியெல்லாம் கடிச்சிருக்குமே?” என்று நான் கேட்டேன்.

“கடிச்சுது தம்பி. பெரிசெல்லாம் அவன் மருந்துலயே போயிடுச்சு. பொரிஞ்ச குஞ்சுதான் கடிச்சுது. அதுங்க எவ்வளவு குடிச்சுடும்? ஆமா, அவன் ஏன் அப்படிக் கத்தினான்? எதுக்கு உங்களைக் கூட்டிட்டு வந்தான்?”

அத்தை என்னைப் பார்த்தார், நான் அத்தையைப் பார்த்தேன். யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும். அத்தைதான் சொன்னார். சிவந்த குஞ்சை, தண்ணி மருந்து என்கிற பழியை, சாயங்காலக் கமிட்டியை, நாலு விடுதியை, ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்கக் கேட்க அந்த அம்மாளின் முகத்தில் இருந்த கொஞ்சநஞ்ச ரத்தமும் வடிந்தது.

“பட்டினியில அலைஞ்சு பொடியில சாகவேண்டியது,” என்றார். “நான் போய்ப் படுத்து வளர்த்துவிட்டிருக்கேன். கடிச்சா என்னைத்தானே கடிக்குதுன்னு இருந்துட்டேனே. அவன் பொழப்பைக் கடிக்கும்னு எனக்குத் தோணலையே!”

அழுதிருந்தால்கூடத் தேவலை. அவர் அழவில்லை. கையை மட்டும் பிசைந்தார்.

“நான் இப்பவே போயிடறேன். யாரும் சிக்கலைன்னு சொல்லிடுங்கம்மா.”

“ஆள் கிடைக்கலைன்னா மருந்து தண்ணின்னு ஆயிடும்.”

“அப்ப நான்தான்னு சொல்லிடுங்க.”

“நீங்க அவர் அம்மான்னு தெரிஞ்சா, அவர்தான் உங்களை உள்ள விட்டார்னு ஆயிடும்.”

“அத்தை,” என்றேன். “நான் படுத்தேன்னு சொல்லிடட்டுமா?”

“பெண்கள் விடுதியில நீ படுத்தேன்னா? பூச்சியை விட்டுட்டு உன்னை நசுக்கிடுவாங்க.”

நகைச்சுவை என்று நினைத்து நான் கேட்கவில்லை. அத்தையும் சிரிப்பதற்குச் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றினார். “எனக்கு ஒரு வழியும் தெரியலைம்மா,” என்றார். எந்தப் பூட்டுக்கும் ஒரு சாவி வைத்திருக்கிற அத்தையின் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதே இல்லை.

“ஆள் கிடைச்சாச்சா?”

வார்டன் சமையலறை வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், முதுகில் தொட்டியோடு மருந்துக்காரர்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் எழுந்துவிட்டார். இடதுகைப் பித்தானைக் கழற்றிச் சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே தடிப்பு தடிப்பாகச் சிவந்து கிடந்தது. தோல் தெரியவே இல்லை.

“நான்தான்மா படுத்தேன்,” என்றார் வார்டனிடம். “போக்கிடம் இல்லை. ஈரத்துணியை வெச்சா பட்டை தானா கழண்டுக்கும். காலையில மாவுப்பசையைத் தடவி ஒட்டிடுவேன். யாரும் எனக்கு ஒத்தாசை பண்ணலை. அந்தத் தம்பி மருந்துல ஒரு குறையும் இல்லைம்மா. பெரிய பூச்சி ஒண்ணுகூட மிஞ்சலை. குஞ்சுங்க பொழைச்சது என்னாலதான்.”

அந்தத் தம்பி என்றுதான் சொன்னார். பெற்ற பிள்ளையை, முன்பின் தெரியாத ஒருவரைச் சொல்வதுபோலச் சொன்னார். குரல் நடுங்கவே இல்லை.

வார்டன் அந்தக் கையை வெகுநேரம் பார்த்தார். பார்வை மெல்லச் சட்டைக்கு நகர்ந்தது. “இந்தப் பச்சைச் சட்டை ஏது?”

“குப்பையில கிடந்துச்சும்மா. எடுத்துத் துவைச்சுப் போட்டுக்கிட்டேன்.”

வார்டன் திரும்பினார். “இவங்களை உங்களுக்குத் தெரியுமா?”

மருந்துக்காரர் நிலைப்படியில் நின்றவர் நின்றபடியே இருந்தார். போனில் அலறிய அந்த வாய் பாதி திறந்திருந்தது. வாயைத் திறந்து அம்மா என்று சொல்லு, என்று நான் மனசுக்குள் கத்தினேன். நாலு விடுதியும் போனால் போகட்டும், சொல்லித் தொலை! அவர் அந்த அம்மாளைப் பார்த்தார். அந்த அம்மாள் வார்டனுக்குத் தெரியாமல், வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

“தெரியாது மேடம்,” என்றார் அவர்.

அத்தையின் கை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன். பேசி என்ன ஆகியிருக்கும்? அம்மாவுக்கும் வேலை போகும், பிள்ளைக்கும் வேலை போகும். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

“வயசானவங்க, போலீஸ் எல்லாம் வேண்டாம்,” என்றார் வார்டன் அத்தையிடம். கெட்ட மனுஷி இல்லை அவர். “ஆனா இனிமே இங்க வெச்சுக்க முடியாது. கிளம்பச் சொல்லுங்க.” பிறகு மருந்துக்காரரிடம், “என்னை மன்னிச்சுக்குங்க. உங்க மருந்து நல்ல மருந்துதான். கமிட்டியில நானே சொல்றேன். போய் ரெண்டாவது தடவை அடிச்சுடுங்க.”

மருந்துக்காரர் படியேறினார். கொஞ்சநேரத்தில் மேலே மருந்து பீய்ச்சுகிற சத்தம் கேட்டது.

அந்த அம்மாள் சீவின கிழங்கையெல்லாம் கறுத்துப்போகாமல் தண்ணீரில் போட்டார். கையைக் கழுவினார். மூலையிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டார்.

“எங்ககூட வாங்கம்மா,” என்றார் அத்தை. “வீட்டுல நான் ஒருத்திதான்.”

“எதுக்கும்மா உங்களுக்குச் சிரமம்? எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க,” என்றார் அவர். அதைப் பெருமையாகவே சொன்னார்.

அத்தை கேட்கவில்லை. வண்டியைப் பின்கேட்டுக்குக் கொண்டுவா என்று என்னை விரட்டினார். நான் முன்வாசலுக்கு ஓடி, மணியை ஒப்படைத்து, வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அதற்குள் கமிட்டிக்கு என்ன சொல்வது என்று வார்டன் அத்தையைப் பிடித்துவைத்துக் கேட்டிருக்கிறார். அத்தை திரும்பிப் பார்த்தபோது பின்கேட்டு திறந்து கிடந்தது. தெருவில் ஒரு பஸ் திருப்பத்தில் மறைந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினாரா, நடந்தாரா, ஒன்றும் தெரியவில்லை.

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். மருந்துக்காரர் தொட்டியைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்தார்.

“எந்தப் பக்கம் போனாங்க?”

“யாரு?” என்றேன். எனக்கு வந்த கோபத்தில் அதற்குமேல் மரியாதை வரவில்லை. “உனக்குத்தான் அவங்களைத் தெரியாதே!”

“விடுடா,” என்றார் அத்தை.

மருந்துக்காரர் மருந்து நாறும் கையால் போனை எடுத்து எண்ணை அழுத்தினார். இரண்டு முறை தப்பாக அழுத்தி மூன்றாவது முறை சரியாக அழுத்தினார். அந்தப் பக்கம் எடுத்ததும், “அண்ணே… அம்மா…” என்றார்.

எடுத்தவர் பேச விடவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கே அந்தக் குரல் கேட்டது. “நானே கேக்கணும்னு இருந்தேன்டா. அம்மா எப்படி இருக்காங்க?”

மருந்துக்காரர் தெருவை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை பார்த்தார். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

“நல்லா இருக்காங்கண்ணே,” என்றார். “இங்கதான் இருக்காங்க.”